கிணற்றில் கிடந்த மூணேமுக்கால் அடி

கவுண்டரில் நிற்கும் தம்பிகளுக்கு,

போன வாரம் ஒரு வேலையாகக் கடைப்பக்கம் வந்தவன், செத்த நேரம் ஓரமாக உட்கார்ந்து நீங்கள் வியாபாரம் பார்ப்பதைக் கவனித்துக்கொண்டிருந்தேன். நெல் அறுக்கிற வண்டிக்கு பெல்ட் கேட்டு வடமதுரையிலிருந்து ஒருவர் வந்தார். "நம்பர் என்ன?" என்று கேட்டீர்கள். அழிந்துபோச்சு என்றார். "அப்ப பழசைக் கொண்டாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டீர்கள். குறை சொல்ல இதை எழுதவில்லை. நானும் இந்தக் கவுண்டரில் நின்ற காலமெல்லாம் அதையேதான் சொன்னேன். பழசு கைக்கு வந்ததும் பாதி வேலை முடிந்தது என்று நமக்கு ஒரு நினைப்பு இருக்கிறது பாருங்கள், அந்த இடத்தில்தான் நான் ஒருமுறை நன்றாக வழுக்கி விழுந்தேன். எழுதச் சொல்லி நீங்கள் யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் எழுதுகிறேன்.

அறுபதுகளின் நடுவில் நான் இங்கே சேர்ந்தேன். ஒரே ஒரு கதவு வைத்த, எஞ்சின் பெல்ட்டும் சாமானும் விற்கிற கடை அது. முதலாளி ராவுத்தர். வருகிறவர்களுக்கு அவர் 'பாய்', எங்களுக்கு 'முதலாளி'. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா தோல் பதனிடுகிற ஷாப்பில் சுண்ணாம்புக் குழிக்குள் நின்று வேலை பார்த்தவர். நான் எஸ்.எஸ்.எல்.சி. பாஸான செய்தியை அவர் நம்புவதற்கே ஒரு வாரம் பிடித்தது. முதலாளி என்னைச் சேர்த்துக்கொண்டதும் அதற்காகத்தான். பெட்டிமேல் இங்கிலீஷில் என்ன போட்டிருக்கிறது என்று படித்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். படிப்பேன். அடி, அங்குலம், கால் அங்குலம் வரை அளந்து எழுதுவேன். அந்தக் கால் அங்குலத்தில் எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

பெல்ட்டை வெட்டி, முனைகளைத் தோல் வாரால் தைத்துக் கொடுப்பவர் ஆரோக்கியம். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். மூணாம் வகுப்போடு நின்றவர். என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. "ஏலே எஸ்ஸெல்சி, கத்திய எடு", "எஸ்ஸெல்சி, டீ சொல்லிட்டு வா", இப்படித்தான்.

இப்போது உங்கள் கைக்கு வருகிற பெல்ட்டெல்லாம் வளையமாக, நம்பர் போட்டு வருகிறது. அன்று கிணற்று எஞ்சினுக்கு ரப்பர் ஏற்றிய பட்டைத் துணி பெல்ட். ரோலாக வரும். வேண்டிய நீளத்துக்கு வெட்டி, இரண்டு முனையையும் ஒன்றோடொன்று சேர்த்தால்தான் வளையம். ஒன்று தோல் வாரால் தைப்பார்கள். இல்லையென்றால் பல் வைத்த இரும்புக் கிளிப்பை இரண்டு முனையிலும் அடித்து, நடுவில் ஒரு கம்பி கோத்துவிடுவார்கள். எஞ்சின் கிணற்றுக்கு மேலே இருக்கும். பம்பு கிணற்றுக்குள் பாதி ஆழத்தில் ஒரு திட்டில் இருக்கும். தண்ணீர் கீழே போகப் போக பம்பை அடுத்த திட்டுக்கு இறக்குவார்கள். அப்போது பெல்ட் எட்டாது. என்ன செய்வார்கள்? ஒரு துண்டு ஒட்டுப் போடுவார்கள். இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

ஒரு கோடையில், ஆரோக்கியம் சொந்தக்காரர் வீட்டு ஞானஸ்நானத்துக்குப் போயிருந்த நாள். தொப்பம்பட்டிப் பக்கத்துக்காரர் ஒருவர், அறுந்த பெல்ட்டைச் சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார். சின்னச்சாமி என்று பேர். பழனி பஸ்ஸில் நசுங்கி வந்த எரிச்சல் முகத்தில் இருந்தது.

"ஏனுங்க, இதேமாரி ஒண்ணு வெட்டிக் குடுங்க. வெரசா வேணுமுங்க."

தரையில் விரித்தேன். நாற்பத்தொன்றரை அடி. அகலம் நாலு அங்குலம். இருமுறை அளந்தேன். ஆரோக்கியம் இல்லாத நாளில் நானே கத்தி பிடித்து, கோணாமல் வெட்டினேன். முதலாளி எட்டிப் பார்த்து, "பரவால்லையே தம்பி" என்றார். தைப்பதற்கு வார் தனியாக வைத்துக் கட்டிக் கொடுத்தேன். எங்கள் ஊர் ஆளே தைத்துக்கொள்வான் என்று சொல்லிவிட்டு, பழைய பெல்ட்டைக் கடையிலேயே போட்டுவிட்டு அவர் கிளம்பினார். எப்படி அறுந்தது என்று நான் கேட்கவில்லை. எனக்கு எதற்கு அது? அளவு இருக்கிறது, போதாதா?

இரண்டு நாள் கழித்து, கடை திறந்து தண்ணீர் தெளித்த ஈரம் காய்வதற்குள் ஓர் அம்மா வந்து நின்றார். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். முதல் பஸ் பிடித்து வந்திருக்கிறார். தலைச்சும்மாட்டின் மேல் நான் வெட்டிக் கொடுத்த அதே பெல்ட். இறக்கிக் கவுண்டரில் வைத்தார்.

"இது எட்டமாட்டேங்குதுங்க."

"எது எட்டலை?"

"பெல்ட்டுங்க. பம்புல மாட்டி மேல இழுத்தா எஞ்சினுக்கு இம்புட்டு எடம் நிக்குதுங்க." இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். "எஞ்சினப் பேத்து கிணத்தோரத்துக்கு நகத்திப் பாக்கலாமுன்னு எங்க கொழுந்தன் கெளம்பிட்டாருங்க. செவுரு இடிஞ்சு எஞ்சினும் உள்ள போயிருமுன்னு நாந்தான் வேண்டாமுன்னுட்டு வந்தனுங்க."

அவர் பேர் வேலாத்தாள். சின்னச்சாமி அவருக்குக் கொழுந்தன். கிணற்றடியில் ஒண்ணரை ஏக்கர் நெல். கதிர் இன்னும் வெளிவராமல் பொதியில் நிற்கிற நேரம். ஏற்கெனவே ஆறு நாள் தண்ணீர் பாயவில்லை. "மண்ணு வெடிச்சுப்போச்சுங்க. இன்னும் ரெண்டு நாள் தாண்டுனா அத்தனையும் பதருதானுங்க" என்றார். அழவில்லை. கணக்குச் சொல்வதுபோல் சொன்னார்.

எனக்குக் கோபம் வந்தது. அவர்மேல் அல்ல, என் கால் அங்குலத்தைச் சந்தேகப்படுகிறார்களே என்று.

"அக்கா, உங்க ஆளு கொண்டாந்த பெல்ட்டு இந்தா இங்கேயே கெடக்கு. பாருங்க, நான் வெட்டினதும் இதுவும் ஒண்ணா இல்லையான்னு."

மூலையில் கிடந்த பழசை இழுத்துவந்து புதிதோடு சேர்த்து விரித்தேன். நூல் பிடித்ததுபோல் சரியாக இருந்தது. அவருக்கு இன்னும் நன்றாகத் தெரியட்டும் என்று பழசின் இரண்டு முனையையும் ஒரே கையில் சேர்த்துத் தூக்கிக் காட்டினேன். அப்போதுதான் நானே பார்த்தேன்.

ஒரு முனையில் வார் தைத்த ஓட்டைகள் இரண்டு வரிசை, கிழிந்து கிடந்தன. இன்னொரு முனையில் ஓட்டையே இல்லை. இரும்புக் கிளிப் கடித்த பல் தடம்.

வாரும் கிளிப்பும் ஒன்றோடொன்று சேராது. வார் தைத்த முனைக்கு எதிரே வார் தைத்த முனைதான் இருந்திருக்க வேண்டும். கிளிப்புக்கு எதிரே கிளிப். அப்படியென்றால் நடுவில் ஒரு துண்டு இருந்திருக்கிறது. ஒரு சேர்ப்பு கிழிந்து வீசிய வேகத்தில் மறு சேர்ப்பும் பிய்ந்திருக்க வேண்டும். அந்தத் துண்டு இங்கே வரவில்லை.

வாய் திறக்காமல் இருந்திருக்கலாம். கொண்டுவந்த அளவுக்கு வெட்டினேன், தப்பு உங்கள் ஆள்மேல் என்று சொன்னால் யாரும் மறுத்திருக்க மாட்டார்கள். அந்த அம்மாவே "ஆமாங்க, அவருக்கு எஞ்சின் வெவரம் பத்தாதுங்க" என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தார். ஊரிலிருந்து திரும்பியிருந்த ஆரோக்கியம் வார் சீவுவதை நிறுத்திவிட்டு என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் பார்த்துவிட்டார் என்று தெரிந்தது.

"அக்கா, இதுல ஒட்டுத் துண்டு இருந்துச்சா?"

"இருந்துச்சுங்களே. போன வருசம் பம்பை எறக்கையில போட்டதுங்க."

"அது எங்க?"

"தெரியலீங்க. அறுந்தப்ப எங்கூட்டுக்காரருதான் கிட்ட நின்னாருங்க. பெல்ட்டு வீசி கையில அடிச்சு எலும்பு முறிஞ்சுபோச்சு. அவரத் தூக்கிட்டு ஓடறதா, துண்டத் தேடறதா? கிணத்துல உழுந்திருக்குமுங்க."

முதலாளியிடம் போய், "முதலாளி, தப்பு என்னுது. முனையப் பாக்காம வெட்டிட்டேன்" என்றேன்.

அவர் திட்டவில்லை. ரோலில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்றுதான் கேட்டார். முப்பத்தெட்டு அடி. முழு பெல்ட்டுக்குப் போதாது. அடுத்த ரோல் மதுரையிலிருந்து லாரியில் வர நாலு நாளாகும்.

"அப்ப ஒரு துண்டு வெட்டிக் குடுத்து அனுப்பு. அந்தம்மாட்ட காசு வாங்காதே."

சுலபமான வழி அதுதான். ஆனால் எத்தனை அடித் துண்டு? 'இம்புட்டு' என்று ஒரு பெண் கையை விரித்துக் காட்டியதை அளவாக வைத்து இன்னொரு முறை வெட்டுவதா? அதோடு, ஒட்டுப் போட்ட பெல்ட்தான் அந்த மனிதரின் கையை முறித்திருக்கிறது. அதே வேலையை யாரோ ஊர் ஆள் தைக்கட்டும் என்று நான் பொட்டலம் கட்டிக் கொடுப்பதா?

"நான் நேர்ல போயி அளக்குறேன் முதலாளி."

"ஏலே, அளந்துட்டு? பள்ளிக்கூடத்துல வாரு தைக்கச் சொல்லிக் குடுத்தாய்ங்களா?" என்றார் ஆரோக்கியம். ஊசியும் துளை போடுகிற உளியும் அதற்குள் அவர் பைக்குள் போய்விட்டன. "நானும் வாரேன். நீ படிச்சுக் காட்டு, நான் தைக்கிறேன்."

"ரெண்டு பேரும் போனா கவுண்டர்ல யாரு?" என்று கேட்ட முதலாளி, பதிலையும் அவரே சொன்னார். "போங்கப்பா. நான் நின்னுக்கிறேன். பெட்டில என்ன எழுதியிருக்குன்னுதான் தெரியாது. தேடி எடுத்துக்குறேன்."

ஆறடித் துண்டை வெட்டி எடுத்துக்கொண்டு புறப்பட்டோம். பஸ்ஸில் வேலாத்தாள் முன்னால் உட்கார்ந்திருந்தார். வழியெல்லாம் யாருடைய வயலில் தண்ணீர் ஓடுகிறது என்று ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே வந்தார்.

போய்ச் சேரும்போது உச்சி வெயில். வேலாத்தாளின் வீட்டுக்காரர் வேப்பமரத்தடியில் கட்டிலில் கிடந்தார், கையில் மூங்கில் தப்பை கட்டியிருந்தது. படி இறங்கித் திட்டுக்குப் போனேன். நான் கீழே, ஆரோக்கியம் மேலே. பம்புச் சக்கரத்தையும் எஞ்சின் சக்கரத்தையும் சுற்றி டேப்பில் ஒருமுறை, கயிற்றில் ஒருமுறை அளந்தோம். இரண்டும் நாற்பத்தைந்தே கால் அடி. மூணேமுக்கால் அடி குறைகிறது. துண்டை அந்த அளவுக்கு வெட்டி, இரண்டு சேர்ப்பையும் வாராலேயே ஆரோக்கியம் தைத்தார். ஒன்று வார், ஒன்று கிளிப் என்ற பேச்சே வேண்டாம் என்றார்.

எஞ்சினைக் கிளப்பினோம். பம்பு இரண்டுமுறை இருமிவிட்டுத் தண்ணீரைக் கக்கியது. வாய்க்காலில் ஓடுகிற தண்ணீருக்கு முன்னாலேயே வேலாத்தாள் மண்வெட்டியோடு ஓடினார். சின்னச்சாமி முகத்தில் அன்றுதான் சிரிப்பைப் பார்த்தேன்.

கால் மணி நேரம் இருக்கும். புது பெல்ட் சூடேறி இழுபட்டு, தளர ஆரம்பித்தது. வழுக்குகிற சத்தம் கேட்டது. தண்ணீர் பாதியாகக் குறைந்தது. சின்னச்சாமி ஒரு தகர டப்பாவை எடுத்துக்கொண்டு கிணற்றுப் படியில் இறங்கினார். டப்பாவில் குங்கிலியப் பொடி. ஓடுகிற பெல்ட்டில் தூவினால் பிடித்துக்கொள்ளும். எல்லாரும் செய்வதுதான்.

நான் எஞ்சினை நிறுத்தினேன்.

"ஏனுங்க, எதுக்கு நிறுத்துனீங்க?" என்று கீழேயிருந்து கத்தினார். "இப்பத்தானுங்க மொதப் பாத்திக்கே தண்ணி எட்டுது!"

"கீழ ஆளு இருந்தா எஞ்சின் ஓடாது. மேல வாங்க."

"நா எத்தனை நாளாத் தூவறேன், எனக்குத் தெரியாதுங்களா? டவுன்ல இருந்து வந்து எங்க கிணத்துல சட்டம் பேசறீங்க! நீங்க வெட்டுன வெட்டுலதான் ரெண்டு நாளு போச்சு!"

அவர் சொன்னது முழுக்க உண்மை. தப்புச் செய்தவன் நான். தண்ணீரை நிறுத்தினவனும் நான். வெடித்த மண் பாதி நனைந்து நிற்கிறது. மறுபடி கிளப்பிவிட்டால் எல்லாருக்கும் நல்லவனாகிவிடலாம். ஆனால் அந்தத் தையல் வழுக்கலில் சூடேறி அறுந்தால், திட்டில் நிற்கிறவர் ஒதுங்க இடமில்லை.

"தளந்ததை ரெண்டு அங்குலம் வெட்டித் தைச்சாத்தான் நிக்கும். பொடி தூவினா நிக்காது. ஒண்ணரை மணி நேரம் ஆகும்" என்றேன். ஆரோக்கியம் ஊசியைக் கையில் எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார்.

சத்தம் கேட்டு வயலிலிருந்து வேலாத்தாள் வந்தார். கால் முழங்கால்வரை சேறு. என்னைப் பார்த்தார், கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார், பிறகு கட்டிலைப் பார்த்தார்.

"மேல ஏறி வாங்க கொழுந்தனாரே. ஒரு ஊட்டுல ஒரு கை முறிஞ்சது போதும்." என் பக்கம் திரும்பி, "வெட்டித் தையுங்க தம்பி. பொழுது இன்னும் இருக்குது" என்றார்.

வெட்டித் தைத்தோம். மறுபடி ஓட்டினோம். நின்றது.

கிளம்பும்போது அவரிடம், ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி இரண்டு தையலையும் பார்க்கணும், ஓடும்போது படியில் யாரும் இறங்கக்கூடாது என்று சொன்னேன்.

"எங்ககிட்டக் கடியாரம் இல்லீங்க. மூணு பாத்திக்கு ஒருக்கா நிறுத்திப் பாக்கறனுங்க, போதுங்களா?"

போதும் என்றேன். பஸ்ஸில் ஆரோக்கியம் தூங்கி என் தோளில் சாய்ந்தார். பழனி தாண்டியதும் கண்ணைத் திறந்து, "எஞ்சின நிறுத்தையில ரொம்பப் பயமா இருந்துச்சோ எஸ்ஸெல்சி?" என்றார். ஆமா என்றேன். "எனக்கும்தான்" என்று சொல்லிவிட்டு மறுபடி தூங்கிவிட்டார்.

ரோல் வந்த அன்றே ஒட்டில்லாத முழு பெல்ட்டை வெட்டி எடுத்துக்கொண்டு போய் நாங்களே மாட்டினோம். கழற்றிய பெல்ட்டில் ஒரு தையலின் நாலு ஓட்டைகள் கிழிய ஆரம்பித்திருந்தன. அதைச் சின்னச்சாமியிடம் காட்டினேன். விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "எளநி வெட்டட்டுங்களா?" என்று கேட்டார். நெல்லில் கடைசிப் பாத்திகள் மட்டும் பதராகப் போயின. அது அந்த இரண்டு நாளின் கணக்கு, என் கணக்கு. மிச்சம் வீடு வந்து சேர்ந்தது.

அறுவடைக்கு அப்புறம் ஒரு நாள் வேலாத்தாள் கடைக்கு வந்தார். கிணற்றில் தூர் வாரினார்களாம். மஞ்சப்பையிலிருந்து காய்ந்த சேறு ஒட்டிய ஒரு பெல்ட் துண்டை எடுத்துக் கவுண்டரில் வைத்தார்.

"அளவு செரியா இருக்குதான்னு பாருங்க தம்பி" என்று சிரித்தார்.

அளந்தேன். மூணேமுக்கால் அடி. ஒரு முனையில் வார் ஓட்டைகள், இன்னொரு முனையில் கிளிப் தடம். எடை மிஷினுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குவது அதுதான். யாரோ கழற்றிக் குப்பையோடு போட்டிருந்தீர்கள். அழுக்குத் துண்டுதான், தப்பில்லை. போன வாரம் எடுத்துத் துடைத்து மறுபடி மாட்டிவிட்டு வந்தேன்.

இப்போதைய பெல்ட்டுக்கு முனை கிடையாது, எதைப் பார்ப்பது என்று கேட்பீர்கள். வடமதுரைக்காரர் திரும்பிப் போகும்போது வாசலில் நிறுத்தி, பெல்ட் எப்படி அறுந்தது என்று கேட்டேன். பெல்ட் சுற்றி ஓடுகிற சக்கரங்களில் சின்ன புல்லி உடைந்ததாம். அதே அளவு கிடைக்காமல், கொஞ்சம் பெரிய புல்லியை லேத்தில் கடைந்து மாட்டியிருக்கிறார்களாம். புல்லி உடைந்தபோது யாருக்கும் அடியில்லை என்றார், அதையும் கேட்டுவிட்டேன். அவர் இந்த வாரம் பழைய பெல்ட்டோடு வருவார். சொன்னபடி பழசைக் கொண்டுவந்து உங்கள் முன்னால் வைப்பார். அதை அளந்து கொடுத்துவிடாதீர்கள். பழைய புல்லிக்குத்தான் அது சரியான அளவு. யாராவது ஒருவர் டேப்பை எடுத்துக்கொண்டு அவர் கூடவே போய்விட்டு வாருங்கள். கவுண்டரில் ஆள் இல்லையென்றால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். நான் வந்து நின்றுகொள்கிறேன்.